மலைக்கு இருபுறமும் உறவு: செங்கோட்டைக் கணவாயும் 1956ஆம் ஆண்டு எல்லையும்

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில், மேக்ஸ்வெல் உணவங்காடியை ஒட்டி, கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு சிறிய தெரு இருக்கிறது. மதிய உணவுக்கு வரும் அலுவலகக் கூட்டம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு நெசவாளர் ஊரின் பெயர் இந்தத் தீவு நகரத்தின் தெருவுக்கு எப்படி வந்தது என்பது நம் மூத்த தலைமுறைக்குத் தெரியும். கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில்தான் அதிகமாகக் குடியிருந்தன. ஆண்கள் தனியே வந்து, பணம் சேர்த்து, ஊர் திரும்பிய காலத்தில் கடையநல்லூர்க்காரர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். பெண்கள் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் மசாலா அரைத்துச் சந்தைகளில் விற்றார்கள். 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் 1982 வரை கல்வி கொடுத்தது.

நமது சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், நம் முன்னோர் எப்படி வந்தார்கள், இங்கே என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி இம்மலரில் பலரும் எழுதுவார்கள். இக்கட்டுரை அதற்கு முந்திய கதையைச் சொல்ல முயல்கிறது. அவர்கள் விட்டுவந்த மண்ணுக்குப் பின்புறம் சுவர்போல் நிற்கும் அந்த மலையின் கதை அது. அந்த மலை யாருக்கு உரியது என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. 1956இல் அதற்கு ஒரு தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் மிச்சங்கள் இன்றும் நம் கைப்பேசிகளில் செய்தியாகவும் வசையாகவும் வந்துகொண்டிருக்கின்றன. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அவற்றைப் படிக்கும்போது பின்னணி தெரிந்து படிக்கவேண்டும்.

மலையும் கணவாயும்

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீள்கிறது. தெற்கே இந்த மலைச்சுவர் இரண்டு இடங்களில் தாழ்கிறது. ஒன்று கோயம்புத்தூருக்கு மேற்கே உள்ள அகலமான பாலக்காட்டுக் கணவாய். மற்றொன்று செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஒடுக்கமான ஆரியங்காவுக் கணவாய். செங்கோட்டைக் கணவாய் என்றும் இதைச் சொல்வார்கள். இதற்கு வடக்கே மலை உயர்ந்துகொண்டே போய், மூணாறுக்கு அருகில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைத் தொடுகிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் அதுதான். தெற்கே அகத்தியமலையாக எழுந்து குமரியை நோக்கி இறங்குகிறது.

இந்தக் கணவாயின் அருமையைத் தென்காசி வட்டாரத்தார் ஆனி, ஆடி மாதங்களில் உடம்பாலேயே அறிவார்கள். ஜூன் மாதம் அரபிக் கடலிலிருந்து எழும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. ஆனால் கணவாய் வழியாக நுழையும் காற்று கொஞ்சம் ஈரத்தைக் கிழக்கேயும் கொண்டுவருகிறது. அதுதான் குற்றாலச் சாரல். சிற்றாறு, அனுமன் நதி, கருப்பாநதி எல்லாம் இந்த மலைமுகத்திலிருந்து கிழக்கே இறங்குபவை. இவை கொடுக்கும் தண்ணீரைக் குளங்களில் தேக்கித்தான் தென்காசி, செங்கோட்டை, வடகரை, கடையநல்லூர் வயல்கள் விளைந்தன. ஒரு பருவம் பொய்த்தால் வயலும் காய்ந்தது, நெசவுக்கு வாங்குவோரும் குறைந்தார்கள். நம் முன்னோர் கப்பலேறியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பஞ்சமும் தறித்தொழிலின் நலிவும் முதன்மையானவை.

தண்ணீர் பிறக்கும் இடம் மலை. தண்ணீர் வேண்டியவர்கள் கிழக்கே இருந்தார்கள். மிளகும் ஏலமும் மரமும் மேற்கே விளைந்தன. நெல்லும் துணியும் கால்நடையும் கிழக்கேயிருந்து போயின. இரு பக்கத்துக்கும் ஒன்று மற்றொன்றின்றி நடக்காது. இப்படிப்பட்ட வழியை யார் கையில் வைத்திருப்பது என்பதில்தான் சண்டை தொடங்கியது.

நவாபும் மகாராஜாவும்

பிற்காலப் பாண்டியர் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டபோது மலைக்கு மேற்கே வேணாட்டு அரசர்கள் இருந்தார்கள். இரு தரப்பாருக்கும் போரும் உண்டு, உறவும் உண்டு. பிறகு வேணாடு திருவிதாங்கூராக விரிந்தது. கிழக்கே மதுரை நாயக்கராட்சி மறைந்து, நெல்லைச் சீமைக்கு ஆற்காட்டு நவாபு உரிமை கொண்டாடினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் களக்காடும் செங்கோட்டையும் பலமுறை கைமாறின.

அந்த இழுபறியின் நடுவில் நின்றவர் கான் சாகிப் என்று அழைக்கப்பட்ட யூசுப் கான். மருதநாயகம் என்ற பெயரில் இன்று பலரும் அறிந்த அதே வீரர். நவாபுக்காகவும் ஆங்கிலக் கம்பெனிக்காகவும் நெல்லைச் சீமைப் பாளையங்களை அடக்கவந்த அவர், நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு சேர்ந்திருந்த திருவிதாங்கூர் மன்னரைத் தம் பக்கம் இழுத்தார். அதற்கு விலையாகக் களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்தார். அதன்பின் இரு படைகளும் சேர்ந்து வடகரைப் பாளையத்தைத் தாக்கின. நமக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் வாழும் அதே வடகரைதான். பின்னாளில் யூசுப் கான் தம் எஜமானர்களையே எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் முடிவில் களக்காடு கிழக்கோடும் செங்கோட்டை மேற்கோடும் சேர்ந்தன. மலைக்குக் கிழக்கே இருந்தும், பேச்சு தமிழாக இருந்தும், செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஒரு தாலுகாவாயிற்று. தென்காசியும் கடையநல்லூரும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன.

ஒரு வாய்க்கால் தூரத்தில் இரண்டு ராஜ்ஜியம்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் பேச்சு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் போனவர் வேறொரு அரசின் எல்லைக்குள் நுழைந்தார். அங்கே செல்லுபடியாகும் காசு சக்கரம். ஏறத்தாழ இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்குச் சமம். நிலவழக்குக்கும் பெரிய அதிகாரியைப் பார்ப்பதற்கும் செங்கோட்டைக்காரர் மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போகவேண்டும். அது 90 கிலோமீட்டருக்கு மேல். அருகிலிருந்த திருநெல்வேலி அவருக்கு அந்நிய நாட்டு ஊர்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். சட்டப்படி அவர் ஒரு சமஸ்தானக் குடிமகன். பிரிட்டிஷ் அதிகாரியைச் சுட்டவரைத் தேடிப் பிரிட்டிஷ் போலீஸ் சமஸ்தானத்துக்குள் நுழைந்து விசாரிக்க வேண்டியிருந்தது என்பதே அந்த எல்லையின் விசித்திரத்தைக் காட்டும்.

1904இல் கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே மீட்டர் கேஜ் ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. புனலூரிலிருந்து செங்கோட்டை வரை மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளில் கல் வளைவுகள் எழுப்பியும் பாதை போட்டார்கள். தென்மலைக்கு அருகில் உள்ள பதிமூன்று கண் பாலம் இன்றும் நிற்கிறது. ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில் நுழையும் ரயில் ஒரு பக்கம் மேற்குச் சீமையில் புகுந்து மறுபக்கம் கிழக்குச் சீமையில் வெளிப்படும். வேலை தேடியும் வியாபாரத்துக்கும் இரு பக்கத்து மக்களும் இந்த ரயிலில் போய் வந்தார்கள். கொல்லத்துக் கடைவீதியில் தென்காசித் துணியும், செங்கோட்டைச் சந்தையில் மலைச்சரக்கும் சாதாரணமாயின. திருமண உறவுகளும் எல்லையைப் பார்க்கவில்லை.

பீர் அப்பாவின் மேடு

இந்த எல்லைக் கதையில் நமக்கு நெருக்கமான ஒருவர் உண்டு. தமிழில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி ஞானி தக்கலை பீர்முகம்மது அப்பா தென்காசியில் பிறந்தவர். 'ஞானப்புகழ்ச்சி' முதலான பல நூல்களை இயற்றியவர். அவர் மலைமேல் தனித்திருந்து தவம் செய்த இடமே பீர்மேடு என்று பெயர் பெற்றது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அவர் அடங்கியிருப்பது தக்கலையில். ஒவ்வோர் ஆண்டும் ரஜப் மாதத்தில் அங்கே மக்கள் கூடி இரவு முழுவதும் ஞானப்புகழ்ச்சி ஓதுகிறார்கள்.

இப்போது நிலப்படத்தைப் பாருங்கள். பிறந்த தென்காசி ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலியில். தக்கலை திருவிதாங்கூரின் கல்குளம் தாலுகாவில். பீர்மேடு திருவிதாங்கூரின் மலைத் தாலுகாவில். 1956க்குப் பிறகு தென்காசியும் தக்கலையும் ஒரே மாநிலமாயின. பீர்மேடு கேரளத்தில் நின்றுவிட்டது. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் நடந்து கடந்த நிலத்தின்மேல் பிற்காலம் கோடுகளைப் போட்டு அழித்து மீண்டும் போட்டது.

தேயிலை வந்தபின்

பழைய இழுபறி கணவாயைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கு வடக்கே உயர்மலைக்கு நகர்ந்தது. சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான எல்லைச் சிக்கலைப் பார்க்கவந்த ஜான் டேனியல் மன்ரோ என்ற ஆங்கிலேயர் அந்த மலையின் வளத்தைக் கண்டு, 1877இல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். சின்கோனா, காப்பி என்று தொடங்கி, இறுதியில் தேயிலை நிலைத்தது.

காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டும். அந்த ஆட்கள் கிழக்கிலிருந்து வந்தார்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏழைகளைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து மலையேற்றினார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்த அதே முறை, அதே வறட்சி, அதே ஊர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் தொண்டி, நாகப்பட்டினம் என்று துறைமுகம் தேடிப் போயிருப்பான், தம்பி போடி வழியாக மலையேறியிருப்பான். கடல் தாண்டியவன் வெளிநாட்டுக்காரன் ஆனான். மலையேறியவன் தன் ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தான், ஆனால் அவனும் வேறொரு ராஜ்ஜியத்தில் வந்தேறி ஆனான்.

இப்படியாக தேவிகுளம் தாலுகாவில் பத்தில் ஏழு பேர் தமிழ் பேசுபவராயினர். பீர்மேட்டில் தமிழ் பேசுவோர் பாதிக்குச் சற்றுக் குறைவு. மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் என்ற இடத்தில் 1940இல் நீர்மின் நிலையமும் வந்தது. தேயிலை, ஏலம், மின்சாரம் எல்லாம் அந்த மலையில் இருந்தன.

1954 முதல் 1956 வரை

நாடு விடுதலையடைந்ததும் மொழிவழி மாநிலம் வேண்டும் என்ற குரல் எங்கும் எழுந்தது. 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமாயின. அதற்கு முன்பே, 1945இல் நாகர்கோவிலில் தொடங்கிய இயக்கம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆயிற்று. அதன் பெருந்தலைவர் வழக்கறிஞர் நேசமணி. அவரோடு முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் அப்துல் ரசாக். மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தவர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேரவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

1954இல் போராட்டம் உச்சத்துக்கு வந்தது. தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர்மேல் கெடுபிடி நடந்தது. மலைக்குச் சென்று தடையை மீறிய நேசமணி கைதானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாடத் தெற்குத் தாலுகாக்களில் ஊர்வலம் போனார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று ஆட்சி விலகவேண்டும் என்று அதே கட்சியின் ராம் மனோகர் லோகியா சொன்னார். எல்லைச் சண்டையை மலையாளிக்கும் தமிழனுக்கும் நடந்த சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. சொந்தக் கட்சி ஆட்சியையே கேள்வி கேட்டவர்களும் அன்று இருந்தார்கள்.

இந்திய அரசு 1953 டிசம்பரில் அமைத்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்குத் தலைவர் நீதிபதி பசல் அலி. எச். என். குன்ஸ்ருவும் கே. எம். பணிக்கரும் உறுப்பினர்கள். 1955 செப்டம்பர் 30இல் ஆணையம் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு.

1956 நவம்பர் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நான்கு தெற்குத் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. இன்று மலையின் மேற்குச் சரிவில் உள்ள ஆரியங்காவு, தென்மலை, அச்சன்கோவில் கேரளத்தில் இருக்கின்றன. கிழக்கே இறங்கினால் புளியரை தமிழ்நாடு. முன்பு ஊருக்குக் கிழக்கே தென்காசிப் பக்கம் இருந்த எல்லை, ஊருக்கு மேற்கே மலைமேல் போய் நின்றது. செங்கோட்டைக்காரர் இருந்த இடத்திலேயே இருந்தார். ராஜ்ஜியம்தான் அவரைத் தாண்டிப் போயிற்று.

வந்தவர்களும் இருப்பவர்களும்

தமிழர் பெரும்பான்மையாக இருந்தும் தேவிகுளம் ஏன் கேரளத்துக்குப் போனது? ஆணையம் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. மக்கள் நெருக்கம் மிகுந்த கேரளத்துக்கு மலைநிலமும் அதன் வருவாயும் தேவை என்பது ஒன்று. அங்குள்ள தமிழரில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையாகத் தங்கியவர்கள் அல்லர் என்பது மற்றொன்று.

முதல் காரணத்தில் நியாயம் உண்டு என்று கேரளத்தார் சொல்வதை நாம் புரிந்துகொள்ளலாம். நிலமில்லாத ஏழைகள் அங்கும் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். இரண்டாவது காரணத்தைப் படிக்கும்போதுதான் சிங்கப்பூரில் வாழும் நமக்கு நெஞ்சில் ஏதோ தட்டுகிறது. 'வந்து போகிறவர்கள்' என்ற அந்தச் சொல்லை அதே காலத்தில் உலகின் பல மூலைகளில் தமிழ்த் தொழிலாளர்மேல் ஒட்டினார்கள். இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அவர்களும் அதே மாவட்டங்களிலிருந்து, அதே கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள்.

சிங்கப்பூரிலும் அதே கேள்வி எழுந்தது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இங்கே வந்தபோது, ஊரை நினைத்துக்கொண்டு தயங்கிய தமிழர்களைப் பதிந்துகொள்ளச் சொல்லித் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இடைவிடாமல் எழுதினார், பேசினார். பலர் பதிந்தார்கள். 'வந்தவர்' என்ற நிலையிலிருந்து 'இருப்பவர்' ஆனார்கள். அதற்குப் பின்தான் வீடு, பள்ளி, வாக்கு, நம் சங்கங்கள் எல்லாம் உறுதிப்பட்டன. சிராங்கூன் சாலையில் நம் கடைகளும், டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசலும், தேக்காச் சந்தையில் நம் பெண்களின் மசாலாக் கடைகளும் யாரோ சிலர் தற்காலிகமாகப் போட்ட கூடாரங்கள் அல்ல என்று சட்டமே ஏற்றுக்கொண்டது.

தேவிகுளத்துத் தமிழர் அறுபது, எழுபது ஆண்டுகள் கழிந்தும் அங்கேயே இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துத் தாங்களே சாலையில் அமர்ந்து போராடினார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அந்தப் போராட்டம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டக் குடியிருப்பு வரிசைகளை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தார். நான்கைந்து தலைமுறையாக ஒரே வரிசை வீட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமாகக் கையளவு நிலம் இல்லை என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. ஒரு அறிக்கையின் ஒரு வாக்கியம் யாரை நிலையானவர் என்கிறது, யாரை இல்லை என்கிறது என்பது எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தண்ணீர் வழக்கு

பீர்மேடு தாலுகாவில்தான் முல்லைப் பெரியாறு அணையும் இருக்கிறது. மேற்கே ஓடும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் திட்டம் அது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் இந்திய அரசும் 999 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. கம்பம், உத்தமபாளையம் தொடங்கி மதுரை, இராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீரில் விளைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நம் சமூகத்தார் எத்தனை பேர் விவசாயமும் வியாபாரமும் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 1970இல் இரு மாநிலங்களும் குத்தகையைப் புதுப்பித்து, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கின.

1979இல் அணையின் பாதுகாப்பைப் பற்றிக் கவலை எழுந்து, நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தியபின் 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. 2014 மே 7 அன்று அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2011 டிசம்பரில் குமுளி எல்லையில் கலவரம் மூண்டு, இரு பக்கத்திலும் கடைகள் தாக்கப்பட்டன. மலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி ஓடினார்கள். கீழே வசிக்கும் மலையாளிக்கு அணை உடையுமோ என்ற அச்சம். கிழக்கே உள்ள உழவனுக்குத் தண்ணீர் நின்றுவிடுமோ என்ற அச்சம். இரண்டும் உண்மையான அச்சங்கள்.

நம் பகுதிக்கும் சிறிய அளவில் இதே வழக்கு உண்டு. சிவகிரி மலையில் உள்ள செண்பகவல்லித் தடுப்பணை உடைந்து கிடக்கிறது. கேரள எல்லைக்குள் இருப்பதால் அதைச் சீராக்க முடியாமல் வாசுதேவநல்லூர், புளியங்குடி உழவர்கள் பல்லாண்டாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் வளர்ந்தவருக்கு இந்த வழக்கு புரியாதது அல்ல. 1927இல் சிங்கப்பூர் நகராட்சி ஜொகூர் சுல்தானோடு ஒப்பந்தம் செய்து, கூனோங் பூலாயில் 2,100 ஏக்கரை ஏக்கருக்கு 30 காசு வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் கொண்டுவந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ஆயிரம் கேலன் பச்சைத் தண்ணீர் 3 காசு. விலையைப் பற்றி இரு நாடுகளும் எத்தனை முறை வாதிட்டிருக்கின்றன என்பதை நாம் செய்திகளில் படித்திருக்கிறோம். ஆனாலும் குழாயில் தண்ணீர் நின்றதில்லை. ஒருபுறம் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிக்கொண்டே, மறுபுறம் மழைநீரைத் தேக்கியும், கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் ஆக்கியும், கடல்நீரைக் குடிநீராக்கியும் இந்த நாடு தன் கையைப் பலப்படுத்திக்கொண்டது. அண்டை வீட்டாரோடு வழக்கு இருக்கலாம், வாசலை அடைக்கவேண்டியதில்லை என்பதற்கு இது நம் கண்முன்னே உள்ள எடுத்துக்காட்டு.

இன்றைய கணவாய்

2010இல் செங்கோட்டை, புனலூர் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையாக மாற்றி 2018இல் மீண்டும் திறந்தார்கள். பதிமூன்று கண் பாலத்தின்மேல் இப்போது பெரிய ரயில்கள் போகின்றன. புளியரை வளைவுகளில் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக மேற்கே ஏறுகின்றன. சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளிக்கும் கூட்டத்தில் மலையாளப் பேச்சு பாதி. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானபோது கடையநல்லூரும் செங்கோட்டையும் ஒரே மாவட்டத்தின் தாலுகாக்கள் ஆயின. ஒரு காலத்தில் வெவ்வேறு காசைப் புழங்கிய இரண்டு ஊர்களுக்கு இன்று ஒரே கலெக்டர்.

இங்கே சிங்கப்பூரில் அந்த எல்லை என்றுமே இருந்ததில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் 1963இல் திறக்கப்பட்ட மலபார் பள்ளிவாசலில் நம்மவர் தொழுகிறார்கள். நம் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்கு மலையாள முஸ்லிம்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரே அடுக்குமாடியில், ஒரே தளத்தில், கொல்லத்துக் குடும்பமும் கடையநல்லூர்க் குடும்பமும் அண்டை வீட்டார். முல்லைப் பெரியாறு பற்றிக் கைப்பேசியில் சூடான செய்தி வரும் நாளிலும் பெருநாள் பிரியாணி ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போகத்தான் செய்கிறது.

நம் இளைய தலைமுறைக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது உறவினர் வீட்டு விருந்தோடும் குற்றாலக் குளியலோடும் திரும்பிவிடாதீர்கள். செங்கோட்டையிலிருந்து கொல்லம் ரயிலில் ஏறி ஆரியங்காவுச் சுரங்கத்தைத் தாண்டிப் பாருங்கள். தக்கலைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களுடைய பழைய கடப்பிதழ்களையும் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் 'திருவிதாங்கூர்' என்று இருக்கலாம், சிலவற்றில் 'சென்னை மாகாணம்' என்று இருக்கலாம். இரண்டும் இன்று இல்லாத நாடுகளின் பெயர்கள். அவற்றை வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிவப்புக் கடப்பிதழோடு சிங்கப்பூரர்களாக இருக்கிறார்கள். அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் ஒரு படியை நம் சங்கத்துக்குக் கொடுங்கள். அடுத்த மலரை எழுதுகிறவருக்கு அவை வேண்டும்.